கார்னிவலா, கடலாமையா? டிரினிடாட் புறப்படும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: என் தம்பி டிரினிடாட் தீவில் பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளராக வேலை பார்க்கிறான். பக்கத்தில் கூவா என்ற ஊரில் வீடு. பிப்ரவரியில் கார்னிவல் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுகிறான். நான், என் கணவர், பத்து வயது மகள், அறுபத்தாறு வயது மாமியார் ஆகிய நால்வரும் பன்னிரண்டு நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். கார்னிவல், டொபேகோ கடற்கரை, முட்டையிட வரும் கடலாமைகள் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியுமா? நானும் மாமியாரும் சைவம்; அங்கே சமாளிக்க முடியுமா? பாதுகாப்பு எப்படி? நியூயார்க் வழியாக டிக்கெட் மலிவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா? தம்பிக்குக் கறிவேப்பிலையும் ஊறுகாயும் கொண்டுபோகலாமா? (திருச்சி வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, டிக்கெட்டை இன்னும் எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கடற்கரை முதல் கறிவேப்பிலை வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தை நடத்திக்கொடுக்கவோ கெடுக்கவோ போகும் இரண்டு காகிதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயண ஏற்பாடு செய்துவரும் எனக்கே ஒருமுறை இதில் சறுக்கல் நேர்ந்திருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் காகிதம் விசா. டிரினிடாட், டொபேகோ என்ற இரு கரீபியத் தீவுகளும் சேர்ந்த அந்த நாட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சுற்றுலாவாகப் போக முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. 90 நாள் வரை தங்கலாம். திரும்பும் டிக்கெட்டும், தங்கும் முகவரியும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கையில் இருந்தால் போதும். தம்பியிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதமும் அவருடைய வேலை அனுமதியின் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். (விதிகள் மாறக்கூடியவை என்பதால், புது தில்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதிசெய்துகொள்வது நல்லது.) சிக்கல் போய்ச் சேரும் இடத்தில் இல்லை, போகும் வழியில்தான். இந்தியாவிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. நியூயார்க் வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே காலடி வைக்காவிட்டாலும் அமெரிக்க விசா கட்டாயம். விமானம் மாறும் பயணிகளையும் குடிவரவுச் சோதனைக்கு உட்படுத்துவதே அந்நாட்டு வழக்கம். டொராண்டோ வழியானால் கனடாவின் விசா. லண்டன் வழியானால், செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை கையில் இல்லாத இந்தியர்கள் வழிப்பயண விசா எடுக்க வேண்டும். அதிலும் இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் வேறு வேறாக இருந்தால் உள்ளே நுழைந்து வெளியேறுவதற்கான விசாவே தேவைப்படும். உங்களுக்கு மலிவாகத் தெரியும் நியூயார்க் டிக்கெட்டில் நால்வருடைய அமெரிக்க விசாக் கட்டணத்தையும், நேர்காணலுக்குக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். நால்வரில் எவரிடமாவது ஏற்கெனவே அமெரிக்க விசா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லோரிடமும் இருந்தால் மட்டுமே அது உண்மையில் மலிவு.

இரண்டாவது காகிதம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. இதை டிரினிடாட் உங்களிடம் கேட்காது, இந்தியா கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் தீவு இருக்கிறது. டொபேகோ இல்லை, ஆனால் நீங்கள் இரண்டிலும் இருக்கப் போகிறவர்கள். அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரிடம் செல்லுபடியாகும் அட்டை இல்லையென்றால், விமான நிலையத்திலிருந்தே அழைத்துப்போய் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வுபெற்ற தம்பதியை நான் அனுப்பிவைத்தேன். விசா, காப்பீடு, சக்கர நாற்காலி வசதி, சைவச் சாப்பாடு எல்லாவற்றையும் கவனித்த நான், இந்த அட்டையை மட்டும் மறந்துவிட்டேன். திரும்பி வந்த இரவில் அந்த அம்மையார் தொலைபேசியில், “தம்பி, எங்களை வீட்டுக்கு விடமாட்டார்களாம், வாசலில் பேரன் நிற்கிறான்” என்று சொன்னபோது நான் பட்ட கூச்சம் இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் மேசையில் உள்ள சரிபார்ப்புத் தாளில் முதல் வரியே அதுதான்.

தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லத் தொடங்கும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். அனுமதி பெற்ற மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவும் அசல் கடவுச்சீட்டும் வேண்டும். இங்கே உங்கள் மாமியாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இது உயிருள்ள நுண்கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதானதே என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் போடவே கூடாது. ஆகவே, அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடம் முதலில் அழைத்துப்போங்கள். பிறகு தடுப்பூசி மையம். அதற்குப் பிறகு டிக்கெட். மருத்துவர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், அந்தக் கடிதத்தைக் காட்டியும் தனிமைப்படுத்தல் வரலாம் என்ற கணக்கோடுதான் கிளம்ப வேண்டும். அப்படியொரு நிலை வந்தால், திரும்பும் வழியில் மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாடொன்றில் ஆறு நாளுக்கு மேல் தங்கிவிட்டு வருவது ஒரு வழி. அந்த நாட்டில் உறவினர் யாரும் இல்லாவிட்டால் அது பெரிய செலவு. பனாமா வழியாக மலிவு டிக்கெட் கிடைக்கிறதே என்று அதில் தங்கி வர நினைக்காதீர்கள், பனாமாவும் அதே பட்டியலில் இருக்கிறது.

இனி மாதத்துக்கு வருவோம். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே பயணத்தில் சேராது. கார்னிவல் என்பது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரு நாட்கள் நடக்கும் தெருவிழா. பெரும்பாலும் பிப்ரவரியில், சில ஆண்டுகளில் மார்ச் தொடக்கத்தில் வரும். கடலாமைகளைப் பார்க்க அனுமதி தரும் பருவமோ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்துக்குக் கார்னிவல் வேண்டாம் என்பேன். அது தரக்குறைவான விழா என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் முன்னே நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அது நடத்தப்படுவதில்லை. திங்கள் விடியும் முன்பே உடம்பெல்லாம் சேறும் சாயமும் பூசிக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். லாரிகளில் அடுக்கிய ஒலிபெருக்கிகளின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் கேட்கும். இரண்டு நாளும் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் சாலைகளில் காருக்கு இடமில்லை, உட்காரவும் கழிப்பறைக்கும் அலைய வேண்டும். வேடம் கட்டி ஆடப்போகிறவருக்கு அது வாழ்நாள் அனுபவம். அறுபத்தாறு வயது அம்மாவைக் கைபிடித்து நிற்பவருக்கு அது வேறு. விடுதிகள் அந்த வாரத்தில் பல மடங்கு விலை சொல்வதும், குறைந்தது இத்தனை இரவு என்று கட்டாயப்படுத்துவதும் தனி. உங்கள் தம்பி விடாமல் அழைத்தால், நீங்களும் கணவரும் மட்டும் இன்னோர் ஆண்டு போய்வாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி மே நடுப்பகுதிக்குள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. அங்கே ஜனவரியில் தொடங்கும் வறண்ட பருவத்தின் கடைசிப் பகுதி. மழை பொதுவாக ஜூனில்தான் பிடிக்கும். ஆமைகள் மிகுதியாகக் கரையேறும் காலமும் அதுதான். வெயில் கடுமையாக இருக்கும், சில நாட்களில் சஹாரா பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து வந்து வானத்தை மங்கலாக்கும். மாமியாருக்கு இழுப்பு இருந்தால் மருந்தை மறக்க வேண்டாம். அந்த மாதங்களில் மலைச்சரிவெங்கும் பூயி மரங்கள் இலையே இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பல்கலைக்கழக மாணவர்கள் பூயி பூத்தால் தேர்வு வந்துவிட்டது என்று பயப்படுவார்களாம். நம் ஊரில் கொன்றை பூப்பதோடு ஆண்டுத் தேர்வைச் சேர்த்து நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு, அதைப் போலத்தான்.

பன்னிரண்டு நாளில் போக வர இரண்டரை நாள் போய்விடும். இந்திய நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் முதல் நாள் முழுக்கத் தூக்கம்தான். அன்றைக்கு எந்த ஏற்பாடும் வைக்காதீர்கள். மிச்சத்தில் நான்கு இரவை டொபேகோவுக்கும், மற்றவற்றை டிரினிடாடுக்கும் ஒதுக்குங்கள். இந்தியாவுக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவை எக்காரணம் கொண்டும் டொபேகோவில் கழிக்கக் கூடாது. இரு தீவுகளுக்கும் இடையே விமானம் அரை மணிக்கும் குறைவு. கப்பலும் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் வளைகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்குள் போனதும் ஆட்டம் காணும். மாமியாரை அதில் ஏற்ற வேண்டாம்.

தம்பியின் வீடு கூவாவில் இருப்பது உங்களுக்கு அமைந்த வசதி. சுற்றுலாப் பயணிகள் தலைநகரில் தங்கிக்கொண்டு நெரிசலில் தேடி வரும் பல இடங்கள் அங்கிருந்து கிட்டத்தில் இருக்கின்றன. கால் மணி நேரத்தில் வாட்டர்லூ கடல் கோயில். அதன் கதையைப் போகும் முன்பே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி, 1947இல் கடலோரமாக ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது என்று சொல்லி இடிக்கச் சொன்னார்கள். மறுத்ததற்காக அபராதமும் சிறையும் விதித்து, 1952இல் கோயிலையும் இடித்துப் போட்டார்கள். கரையில்தானே நிலம் பிறருடையது, கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று அவர் கடலுக்குள் இறங்கினார். மிதிவண்டியில் கல்லும் மண்ணும் சுமந்து வந்து, தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துக் கொட்டிக் கொட்டி, பல ஆண்டுகள் தனியொருவராகத் திட்டு எழுப்பிக் கோயில் கட்டினார். அலை அரித்துப் போட்ட அதை 1995இல், இந்தியர்கள் தீவுக்கு வந்த 150ஆம் ஆண்டில், அரசு உதவியோடு எடுத்துக் கட்டினார்கள். இப்போது பாலம் போல் ஒரு நடைபாதை உண்டு, முதியவர்கள் சிரமமில்லாமல் நடக்கலாம். நீர் ஏறியிருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். இறங்கிய நேரத்தில் சுற்றிலும் சேறுதான் தெரியும். பக்கத்திலேயே கடலோரச் சுடுகாடு இருக்கிறது, சிதை எரியும் நேரமானால் ஒளிப்படக் கருவியை உள்ளே வைத்துவிடுங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் கராபிச்சைமா என்ற ஊரில் 85 அடி உயர அனுமன் சிலையோடு தத்தாத்ரேயர் கோயில் ஒன்று, நம் தென்னிந்தியக் கட்டட முறையில் நிற்கிறது.

இந்தியர்களைச் சுமந்த முதல் கப்பல் 1845 மே 30 அன்று வந்தது. அந்த நாள் இன்றும் பொது விடுமுறை. 1917 வரை வந்த ஏறக்குறைய 1,47,000 பேரில் பெரும்பாலோர் கங்கைச் சமவெளிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் சிறுபான்மை. அவர்களை இன்றும் ‘மதராசி’ என்கிறார்கள். மூட்டூ, வீரசாமி, ராம்சாமி என்று குடும்பப் பெயர்களில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காளி கோயில்களில் மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். ஆனால் தமிழோ இந்தியோ பேச்சுமொழியாக இல்லை. முகத்தைப் பார்த்து நம்மவர் என்று தமிழில் தொடங்கினால் அவர்கள் சங்கடப்படுவார்கள். ஐந்து தலைமுறையாக அவர்கள் டிரினிடாட்காரர்கள், கரீபியன் ஆங்கிலமே அவர்கள் தாய்மொழி.

ஒரு மாலையைக் கரோனி சதுப்பு நிலத்துக்குக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்; எனக்கு ஒரே ஒரு இடம்தான் சொல்ல உரிமை என்றால் இதைத்தான் சொல்வேன். மாலை நான்கு மணியளவில் தட்டைப் படகில் ஏற்றி, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் கால்வாய் வழியே கொண்டுபோவார்கள். படகுக்காரர் திடீரென்று இயந்திரத்தை நிறுத்தி, தலைக்கு மேல் கிளையில் சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பு இனத்துப் பாம்பைக் காட்டுவார். மகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள், படகில் குதிக்கக் கூடாது. பிறகு பரந்த ஏரியொன்றின் ஓரத்தில் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். சூரியன் சாயும் வேளையில் தேசியப் பறவையான செந்நிற அரிவாள்மூக்கன்கள் ஐந்தும் பத்துமாகத் தாழப் பறந்து வந்து, எதிரே இருக்கும் திட்டு மரங்களில் அடையும். அரை மணிக்குள், பச்சையாக இருந்த மரம் இலையுதிர்த்துப் பூத்த கல்யாண முருங்கை போலச் சிவந்துவிடும். அவை தின்னும் நண்டு, இறால் வகைகளிலிருந்துதான் அந்தச் சிவப்பு. குஞ்சுகள் சாம்பல் கலந்த பழுப்பாகவே இருக்கும். கிட்டத்தில் போகவிட மாட்டார்கள், கைபேசிப் படத்தில் செம்புள்ளிகளாகத்தான் விழும். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி எடுத்துப்போங்கள். முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் தேவை, டெங்கு அங்கேயும் உண்டு.

தெற்கே லா பிரேயாவில் உள்ள தார் ஏரிக்கு ஒரு காலை போதும். ஏறக்குறைய 40 ஹெக்டேர் பரப்பில் இயற்கையாக ஊறிவரும் தார். 1595இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே தம் கப்பல்களின் பிளவுகளை இதை வைத்துத்தான் அடைத்தார். பார்வைக்கு மழையில் நனைந்த பழைய வாகன நிறுத்துமிடம் போலத்தான் இருக்கும், அதை எதிர்பார்த்தே போங்கள். நடந்தால் காலடியில் லேசாக அமுங்கும் அந்த உணர்வுதான் விசேஷம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். குதிகால் செருப்பு புதைந்துவிடும். அலுவலகத்தில் பதிவு செய்த வழிகாட்டியை மட்டும் அமர்த்துங்கள், சாலையிலேயே மறித்து நானும் வழிகாட்டி என்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆமைகளுக்கு, தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள கிராண்ட் ரிவியேரில் ஓர் இரவு தங்குவதே சரி. கூவாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல், கடைசிப் பகுதி வளைவும் நெளிவும்; மகளுக்குக் காரில் குமட்டும் என்றால் மாத்திரை கொடுத்துவிடுங்கள். கிழக்குக் கரையில் உள்ள மதுராவும் புகழ்பெற்றதுதான், ஆனால் அங்கே இருட்டில் மணலில் நெடுந்தூரம் நடக்க நேரிடலாம். கிராண்ட் ரிவியேரில் கடற்கரை சிறியது, விடுதிகள் அதன் விளிம்பிலேயே இருக்கின்றன, மாமியார் நாலடி வைத்தால் போதும். வனத்துறை அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். சில நூறு கிலோ எடையுள்ள தோணி ஆமை, பெருமூச்சு விட்டுக்கொண்டு கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறிக்கும்; முட்டையிடத் தொடங்கிய பிறகு அதற்குச் சுற்றுப்புறம் உறைக்காது, அப்போதுதான் வழிகாட்டி பக்கத்தில் அழைப்பார். சிவப்பு விளக்கு மட்டுமே அனுமதி. கைபேசி வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும் என்பதை மகளுக்கும், அவளைவிட முக்கியமாக உங்கள் கணவருக்கும் சொல்லிவையுங்கள்.

டொபேகோ வேறு உலகம், அவசரம் கிடையாது. விமான நிலையத்துக்கு அருகில் கிரவுன் பாயின்ட் பக்கம் தங்கினால் ஸ்டோர் பே, பிஜன் பாயின்ட் கடற்கரைகள் கைக்கெட்டும் தூரம், அலையும் மிதமானது. அடிப்பகுதி கண்ணாடியாக உள்ள படகில் பக்கூ பவளப்பாறைக்கும், நடுக்கடலில் இடுப்பளவு நீர் நிற்கும் நைலான் பூல் என்ற மணல் திட்டுக்கும் கூட்டிப்போவார்கள். நீச்சல் தெரியாத நம்மவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் குளியல் இல்லை, ஆனாலும் மிதவைச் சட்டையைக் கழற்ற வேண்டாம். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. ஒரு நாள் மெயின் ரிட்ஜ் காட்டுக்குப் போங்கள். மரம் இருந்தால்தான் மழை வரும் என்று எண்ணி 1776இலேயே சட்டம் போட்டுக் காத்த காடு அது. நுழைவிடத்தில் ரப்பர் காலணி வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சேறு வேறு எதற்கும் அடங்காது. கடற்கரைகளில் மஞ்சினீல் என்ற மரம் உண்டு: சின்ன பச்சை ஆப்பிள் போன்ற அதன் காய் நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகையோ சிவப்புப் பட்டையோ இருக்கும். இல்லாவிட்டாலும், தெரியாத மரத்தடியில் துண்டு விரிக்காதீர்கள்.

டிரினிடாடின் வடகரையில் உள்ள மராகஸ் கடற்கரை மிக அழகானது, மலைப்பாதையும் அப்படியே. ஆனால் உள்ளிழுக்கும் நீரோட்டம் வலுவானது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில், காவலர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்கலாம்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கரீபியனில் சைவர்களுக்கு இதைவிட ஏற்ற தீவு எனக்குத் தெரியாது. காலையில் சாலையோரக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நாலு பேர் நின்றால் அது ‘டபுள்ஸ்’ கடை. மஞ்சள் சேர்த்துப் பிசைந்து பொரித்த உள்ளங்கை அகல ‘பாரா’ இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச்சாறும் வெள்ளரித் துருவலும் மாங்காய்த் தொக்கு போன்ற ‘குச்சேலா’வும். மெழுகுத் தாளில் ஒரு முறுக்கு முறுக்கிக் கையில் வைத்துவிடுவார், நின்றபடியே தாளை விரித்து விரலால் அள்ளிச் சாப்பிட வேண்டும். 1930களில் பிரின்சஸ் டவுன் பகுதியில் பிறந்த பலகாரம் இது; ஒரு பாராவோடு கொடுத்ததை ஆட்கள் இரண்டாகக் கேட்டதால் அந்தப் பெயர். மிளகாய் எவ்வளவு என்று கேட்பார். நாங்கள் ஆந்திர ஆவக்காயே தின்பவர்கள் என்ற மிதப்பில் நிறைய என்று சொல்லிவிடாதீர்கள், உலகின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று மொருகா என்ற அந்த ஊர்ப்பக்கத்துச் சொத்து. ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள், போதும். மதியத்துக்கு ரொட்டிக் கடைகள்: ‘தால்புரி’ என்பது வெல்லம் சேர்க்காத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளலாம், ‘பஸ் அப் ஷட்’ என்பது கிழிந்த சட்டை என்ற பொருளில், பிய்த்து உதறிய பரோட்டா. பூசணி, உருளை, கடலை, கீரை என்று உள்ளே வைக்கக் கேட்கலாம். எச்சரிக்கை ஒன்றுதான்: கீரை மசியல் போலவே தெரியும் ‘கல்லாலூ’வில் நண்டோ உப்பிட்ட பன்றி வாலோ இருப்பது வழக்கம், பயறு வகைகளிலும் சில கடைகளில் அப்படியே. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மழுப்ப மாட்டேன். 2024 டிசம்பர் இறுதியிலும், மீண்டும் 2025இலும் குற்றக் கும்பல்களின் வன்முறை காரணமாக அந்நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வன்முறை பெரும்பாலும் தலைநகரின் கிழக்கே லவெண்டில், பீத்தம் போன்ற பகுதிகளில்தான். பயணிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் வழிப்பறி எங்கும் நடக்கலாம். புறப்படும் வாரத்தில் இந்திய வெளியுறவுத் துறை அறிவுரையையும், தம்பி வாயிலாக உள்ளூர் நிலவரத்தையும் பாருங்கள். இருட்டிய பிறகு நடந்து போக வேண்டாம். ஆளில்லாத கோட்டை மேடுகளுக்கும் கடற்கரைகளுக்கும் தனியாகப் போக வேண்டாம். நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தால் மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. ராணுவ உடை போன்ற பச்சை மண்நிறத் திட்டு அச்சுள்ள துணி அங்கே பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. மகளின் தொப்பி, பை, அரைக்கால் சட்டை எதிலும் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுங்கத்திலேயே பறிமுதல் செய்வார்கள். காவல்துறைக்கு 999, மருத்துவ ஊர்திக்கு 811. மாமியாருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு எடுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கைப்பையில்.

வண்டியைப் பொறுத்தவரை அங்கும் இடப்புறம்தான், ஆனாலும் முதல் பயணத்தில் கணவர் ஓட்ட வேண்டாம். தம்பிக்குத் தெரிந்த ஓட்டுநரை நாள் வாடகைக்கு அமர்த்துங்கள். ‘மேக்ஸி டாக்ஸி’ என்ற சிற்றுந்துகள் பட்டை நிறத்தால் வழித்தடம் காட்டும், கூவா போகும் தெற்குத் தடத்துக்குப் பச்சை. வாடகைக் கார் என்று ஏறுவதானால் எண் பலகை ‘எச்’ எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் முதலில் ‘குட் மார்னிங்’ சொல்வது அங்கே கட்டாய மரியாதை. அது இல்லாமல் விலை கேட்டால் முகம் கடுத்துவிடும். கணவர் கிரிக்கெட் பிரியரானால் தலைநகரில் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்தை எட்டிப் பார்க்கலாம். 1971இல் கவாஸ்கர் தம் முதல் டெஸ்ட்டை ஆடியதும், நம் வெங்கட்ராகவன் இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்ததும், மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முறை வென்றதும் அங்கேதான்.

பணத்தை அமெரிக்க டாலராக எடுத்துப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 6.75 உள்ளூர் டாலர். அங்கே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருப்பதால் மிஞ்சிய உள்ளூர்ப் பணத்தைத் திரும்ப மாற்றுவது கடினம். மின்சாரம் 115 வோல்ட், அமெரிக்கப் பாணித் தட்டை முள் செருகி. கைபேசி மின்னேற்றி வேலை செய்யும், நம் ஊர் மின் குக்கரும் வெந்நீர்க் கம்பியும் செய்யாது. அவற்றை எடை கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கடைசியாகத் தம்பிக்கான பொட்டலம். கடையில் முத்திரையிட்டு விற்கும் ஊறுகாய், மசாலாப் பொடி, அப்பளம் இவற்றைப் படிவத்தில் அறிவித்துவிட்டுக் கொண்டுபோகலாம். பச்சை இலை, விதை, பழம் இவற்றைப் பயிர்நோய்த் தடுப்பு அதிகாரிகள் நிறுத்துவார்கள், ஆகையால் கறிவேப்பிலை வேண்டாம். அது அங்கேயே கொல்லைகளில் வளர்கிறது; சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள் விட்டுச்சென்ற சொல்லும் கூடவே இருக்கிறது. தம்பியை ஒரு சனிக்கிழமை சாகுவானஸ் சந்தைக்குப் போய் ‘காரப்பூலே’ இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.